எங்கே தவறுகிறோம் என்று எண்ணிப் பார்ப்போம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)





சற்று முன்னர் செயலாளர் அவர்கள் ஆண்டறிக்கையை வாசித்தார்கள். வரவு செலவுக் கணக்கை எந்த மறுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டோம். ஆனால் அந்த அறிக்கையின் ஒரு வரியில் கூட்டம் நின்றுவிட்டது. மாலை நேர மக்தப் மதரஸாவில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது என்பதே அந்த வரி. அதைப் பற்றி எழுந்து பேசியவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கைப்பேசிதான் காரணம் என்றார் ஒருவர். பெற்றோரின் அலட்சியம் என்றார் இன்னொருவர். இடம் நெருக்கடியாக இருக்கிறது, மேலே ஒரு மாடி எழுப்பினால் பிள்ளைகள் தாமாக வருவார்கள் என்று மூன்றாமவர் சொன்னபோது பலரும் தலையசைத்தார்கள். மாடிக் கட்டடத் தீர்மானம் இப்போது தலைவர் அவர்களின் கையில் இருக்கிறது. அதை வாக்கெடுப்புக்கு விடுவதற்கு முன்னால் என் உரையைக் கேட்டுவிடுமாறு அவர்களிடம் அனுமதி கேட்டேன், தந்தார்கள். அவர்களுக்கு என் நன்றி.

மாடி வேண்டாம் என்று சொல்வதற்காக நான் வரவில்லை. ஒரு காரியம் கெட்டுப்போயிருக்கும்போது அதில் எந்த இடத்தை முதலில் சரி செய்வது என்று எப்படித் தீர்மானிப்பது? அதைப் பற்றி மட்டுமே பேச விரும்புகிறேன். இந்த விஷயத்தில் நானே ஒருமுறை பெரிதாகத் தவறியவன். ஆகவே அந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் வேறோர் ஊரில் ஹிஃப்ளு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். மாணவர்கள் ஓதும்போது பிழைகள் மிகுந்தன. உச்சரிப்பு சரியில்லை, மக்ரஜ் பிடிபடவில்லை என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். என் உஸ்தாது என்னிடம் கண்டித்ததும் உச்சரிப்பைத்தான். ஒருவேளை அதனால்தான் எனக்கு அப்படித் தோன்றியிருக்க வேண்டும். ஏறத்தாழ நான்கு மாதங்கள் வகுப்பு முழுவதையும் எழுத்துப் பயிற்சியில் உட்கார வைத்தேன். தொண்டை எழுத்துகளைச் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். தவ்ரு கேட்கும்போது பிழைகள் அப்படியே இருந்தன. ஒரு மாணவர் மனம் சோர்ந்து வகுப்பை விட்டே போய்விட்டார்.

அதன் பிறகுதான் ஒரு நோட்டை எடுத்தேன். ஐந்து மாணவர்களைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்தேன். ஆளுக்கு ஒரு ஜுஸ்வு ஓதச் சொல்லி, குறுக்கிடாமல் கேட்டு, ஒவ்வொரு பிழையையும் அது எந்த வகை என்று குறித்துக்கொண்டே வந்தேன். 50 பிழைகள் சேர்ந்ததும் நோட்டை மூடிவிட்டேன். எண்ணிப் பார்த்தபோது எழுத்து உச்சரிப்பில் நேர்ந்தவை 8 தான். நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியவை 9. எதிலும் சேராதவை 4. மீதி 29 பிழைகளும் ஒன்றுபோல் ஒலிக்கும் வசனங்களில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்திற்குத் தாவியவை. அல்பகராவில் மூஸா நபியின் வரலாற்றைத் தொடங்குகிற பிள்ளை, தனக்கே தெரியாமல் அல்அஃராஃபில் போய் முடித்துவிடும். ஹாஃபிழ்களாக இங்கே அமர்ந்திருப்பவர்கள் புன்னகைக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும். அதற்கு வைத்தியம் தொண்டையில் இல்லை. ஒத்த வசனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இங்கே இந்தச் சொல், அங்கே அந்தச் சொல் என்று பிரித்துக் காட்டுவதுதான் வைத்தியம். அந்த 50 பிழைகளை எழுதிக்கொள்ள எனக்கு இரண்டே நாள்கள் ஆயின. அதைச் செய்யாமல் நான்கு மாதங்களையும் ஒரு மாணவரையும் இழந்திருந்தேன்.

இது புதிய முறையும் அன்று. நாங்கள் மதரஸாவில் ஹதீஸ் அறிவிப்பாளர்களின் நிலைகளைப் படித்தபோது இதையேதான் படித்தோம். ஆனால் வாழ்க்கைக்கு எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை. ஹிம்ஸு நகரத்தைச் சேர்ந்த இஸ்மாயீல் பின் அய்யாஷ் என்னும் அறிவிப்பாளரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய அறிவிப்புகளில் பிழைகள் இருந்தன. ஹதீஸ் கலை வல்லுநர்கள் அவரை ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. பிழைகள் எங்கே விழுந்திருக்கின்றன என்று வகை பிரித்துப் பார்த்தார்கள். தம் சொந்த நாடான ஷாம் தேசத்தாரிடமிருந்து அவர் அறிவித்தவை சீராக இருந்தன. ஹிஜாஸ் தேசத்தாரிடமிருந்து அறிவித்தவற்றில்தான் குழப்பம் இருந்தது. ஆகவே முன்னதை ஏற்றார்கள்; பின்னதை விட்டார்கள். கூஃபாவைச் சேர்ந்த அதாஉ பின் அஸ்ஸாயிப் என்பவரின் நிலையில் பிரிப்பு இடத்தால் அன்று, காலத்தால் அமைந்தது. முதுமையில் அவருக்கு நினைவு தடுமாறியது. தடுமாற்றத்திற்கு முன்னர் அவரிடம் கேட்டவர்கள் யார், பின்னர் கேட்டவர்கள் யார் என்று பிரித்தார்கள். “இவர் பிழை செய்கிறவர்” என்று சொல்லிவிடுவது எளிது. “இவருடைய பிழை இன்ன இடத்தில் விழுகிறது” என்று சொல்வதற்குத்தான் உழைப்பு வேண்டும்.

சரி, இது நூல்களில் உள்ள செய்தி. நமக்கு வெகு அருகிலேயே, இங்கிருந்து பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாதவர் இந்த மண்டபத்தில் எவரும் இருக்க மாட்டார். நம்மில் எத்தனையோ பேரின் அத்தாவுக்கும் நன்னிக்கும் அங்கேதான் கண்புரை நீக்கப்பட்டது. வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்கள், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கைகளுடன் அதைத் தொடங்கினார்கள். மூட்டுவாத நோயால் அவர்களுடைய விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களைக் கொண்டே அறுவை சிகிச்சை செய்யப் பழகிக்கொண்டவர்கள் அவர்கள். 2006-ல் மறைந்தார்கள்.

மருத்துவமனையின் தொடக்க காலத்தில் கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தினார்கள். கண்புரை முற்றியவர்களைக் கண்டறிந்து, மதுரைக்கு வாருங்கள், இலவசமாக அறுவை செய்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் வரவில்லை. கண் தெரியாதவருக்குக் காசு வாங்காமல் கண் கொடுக்கிறோம் என்று அழைத்தும் ஏன் வரவில்லை? அன்றைக்கு நம்மிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? பயம் என்றிருப்போம். அறியாமை என்றிருப்போம். கிராமத்து மக்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை, ஊரெங்கும் சுவரொட்டி ஒட்ட வேண்டும் என்று தீர்மானம் போட்டிருப்போம்.

அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அறுவை வேண்டும் என்று சொல்லப்பட்டு, ஆறு மாதங்களுக்கு மேலாகியும் வராமல் இருந்தவர்களில் 65 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து விரிவாகப் பேசிக் காரணம் கேட்டார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வணிகவியல் பள்ளியைச் சேர்ந்த பேராசிரியர் கஸ்தூரிரங்கன் 1993-ல் அரவிந்தைப் பற்றி எழுதிய ஆய்வில் அந்தக் கணக்கு இடம்பெற்றிருக்கிறது. ஓரளவு பார்வை இன்னும் இருக்கிறதே என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 26. சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் வழியில்லை என்றவர்கள் 25. குடும்பத்தை விட்டு வர முடியாது என்றவர்கள் 13. அறுவைக்குப் பயந்தவர்கள் 11. துணைக்கு ஆள் இல்லை என்றவர்கள் 10. வீட்டார் தடுத்தார்கள் என்றவர்கள் 5. மற்றக் காரணங்கள் 10.

பயம் எங்கே நிற்கிறது பாருங்கள். நாம் முதலில் வைத்திருக்கக்கூடிய காரணம் நான்காவது இடத்தில் நிற்கிறது. இலவசம் என்று மருத்துவமனை சொன்னது அறுவை சிகிச்சையை மட்டுமே. பேரையூர்ப் பக்கத்தில் ஒரு கூலிக்காரருக்கு மதுரைக்குப் போவது இலவசம் ஆகாது. பஸ் கட்டணம், சாப்பாடு, கூட வருகிறவருடைய கட்டணம், இருவருடைய கூலி இழப்பு ஆகியவற்றைக் கூட்டினால் அது அவருக்குப் பெரிய தொகை. ஆகவே மருத்துவமனை என்ன செய்தது? முகாம் முடிந்ததும் அன்றைக்கே நோயாளிகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வந்தது. சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்தது. அறுவை முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விட்டது. அந்த ஒரே பேருந்து எத்தனை காரணங்களை அடைத்தது என்று யோசியுங்கள். செலவுக்கு வழியில்லை என்பதை அடைத்தது. ஒரே ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வருவதால் ஒருவருக்கொருவர் துணையாகவும் ஆனார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் உடன் இருக்கிறார் என்னும்போது பயம்கூட ஓரளவு தணிந்திருக்கும் என்று நான் எண்ணுகிறேன்.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பட்டியலின் முதல் இடத்தில் இருந்தது, “இன்னும் ஓரளவு பார்வை இருக்கிறதே” என்னும் எண்ணம். அதைப் பேருந்தால் மாற்ற முடியாது. உட்கார்ந்து பேசித்தான் மாற்ற வேண்டும். அதற்கென்றே கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக அமர்த்தினார்கள். ஆனால் அது மெல்ல நடக்கும் வேலை. ஆகவே பெரிய குவியல் எதுவோ அதைத்தான் முதலில் தொட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடவும் முடியாது. குவியல் எவ்வளவு பெரியது, அதைக் கரைக்க நம் கையில் என்ன இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இங்கே படித்த இளைஞர் ஒருவர் கேட்கலாம்: ஆயிரக்கணக்கானோர் வராமல் இருந்தபோது 65 பேரைக் கேட்டால் போதுமா? நியாயமான கேள்வி. 65-ல் நூற்றுக்கு 26 என்றால் 17 பேர். நூற்றுக்கு 25 என்றால் 16 பேர். முதல் இரண்டு காரணங்களுக்கும் இடையில் இருந்த வேறுபாடு ஒரே ஒரு மனிதர்! வேறு 65 பேரைக் குலுக்கியிருந்தால் அந்த இரண்டும் இடம் மாறியிருக்கக்கூடும். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் 25 என்பது உண்மையில் 15 ஆகவும் இருக்கலாம், 35 ஆகவும் இருக்கலாம் என்பது கணித விதி. ஆனால் 25-க்கும் 5-க்கும் உள்ள வேறுபாடு அப்படி எளிதில் அழிந்துபோகாது. நமக்கு வேண்டியது துல்லியமான நிறுவை அன்று. எது முன்னால், எது பின்னால் என்ற வரிசைதான். மளிகைக் கடையில் பருப்பு நிறுக்கத் தராசு வேண்டும். இரண்டு மூட்டைகளில் எது கனமானது என்று அறியத் தூக்கிப் பார்த்தாலே போதும். தொழிற்சாலைகளில் தர மேம்பாட்டைப் பற்றிப் பல நூல்கள் எழுதிய ஜோசப் ஜூரான் என்பவர், குறைகளில் பெரும்பகுதி ஒருசில காரணங்களிலிருந்தே பிறக்கும் என்று வலியுறுத்தி வந்தார். அப்படி இருக்கும் இடங்களில் பெரிய காரணம் சிறிய கணக்கெடுப்பிலேயே தலைகாட்டிவிடும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் முன்னோர் சொன்னதும் இதுதான். ஆனால் அந்தப் பழமொழியைச் சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறோம். ரமலானில் நம் பள்ளிவாசல் முற்றத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறார்களே, அந்த அண்டாவின் மேலாக ஓர் அகப்பை அள்ளி ருசி பார்த்தால் அருமையாகத்தான் இருக்கும். அடியில் பிடித்துப்போயிருப்பது அகப்பைக்குத் தெரியாது. அடியிலிருந்து கிளறிவிட்டு அள்ள வேண்டும். அரவிந்தின் 65 பேரைக் குலுக்கித் தேர்ந்தெடுத்ததன் காரணம் அதுதான். பஸ் நிறுத்தத்திற்கு அருகில் வசிப்பவர்களையும் தெரிந்தவர்களையும் மட்டும் கேட்டிருந்தால், செலவுக்கு வழியில்லை என்ற குவியல் இளைத்துப்போயிருக்கும்.

கிளறி அள்ளினாலும் அண்டாவுக்குள் இல்லாதது அகப்பையில் வராது. இதுவும் அரவிந்தின் அனுபவத்திலேயே உண்டு. அந்த 65 பேரும் முகாமுக்கு வந்தவர்கள். முகாமுக்கே வராதவர்கள்? 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், முகாம் நடந்த கிராமங்களில் கண் குறை உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 7 பேரைத் தாண்டவில்லை என்று தெரியவந்தது. வந்தவர்களை எவ்வளவு நன்றாகக் கவனித்துக்கொண்டாலும், மீதி 93 பேர் அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. அதன் பிறகுதான் சிறிய ஊர்களில் நிரந்தரமாகப் பார்வை மையங்களைத் திறந்தார்கள். அங்கே பயிற்சி பெற்ற ஒரு பெண் கண்ணைப் பரிசோதிப்பார்; பெரிய மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் காணொளி வழியாகப் பேசுவார். தேனிப் பகுதியில் 2004-ஐ ஒட்டித் தொடங்கிய அந்த ஏற்பாடு இன்று எத்தனையோ ஊர்களில் இருக்கிறது. முதல் கணக்கெடுப்பு பிழையானது என்று நான் சொல்லவில்லை. அது கேட்ட கேள்விக்கு அது சரியான பதில் தந்தது. அடுத்த கேள்வியை அடுத்த கணக்கெடுப்புதான் கேட்க முடியும்.

சிறிய கணக்கெடுப்பு கண்டுபிடிக்காத இன்னொரு வகைத் தவறும் உண்டு. அபூர்வமாக நேர்ந்து, நேர்ந்தால் எல்லாவற்றையும் அழித்துவிடும் தவறு அது. கண் அறுவைக்குப் பின் கண்ணுக்குள் கிருமி தொற்றுவது அப்படிப்பட்டது. அது பார்வையையே பறித்துவிடக்கூடும். அரவிந்தில் 2017-ல் வெளியிட்ட கணக்கின்படி, பழைய முறையில் 10,000 அறுவைகளில் ஏறத்தாழ 7 பேருக்கு அது நேர்ந்தது. நூறு நோயாளிகளைக் குலுக்கி எடுத்தால் ஒருவர்கூட அகப்பட மாட்டார். ‘கிருமித் தொற்று இல்லை’ என்று எழுதிவிட்டு எழுந்து போய்விடுவோம். ஆகவே அதை மட்டும் அவர்கள் மாதிரி பார்ப்பதில்லை; ஒவ்வொன்றையும் எண்ணுகிறார்கள். ஆறு லட்சத்திற்கும் மேற்பட்ட அறுவைகளின் பதிவுகளைப் பார்த்து, அறுவையின் முடிவில் கண்ணுக்குள்ளேயே மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்னும் மருந்தைச் செலுத்தினால் அந்த 7 ஏறத்தாழ 2 ஆகக் குறைகிறது என்று கண்டார்கள். பிழைகளில் எதை மாதிரி எடுத்துப் பார்க்கலாம், எதை ஒன்று விடாமல் எண்ண வேண்டும் என்ற வேறுபாட்டை மனத்தில் கொள்ளுங்கள். இதற்குச் சற்று நேரத்தில் திரும்பி வருகிறேன். அது என்னோடு சம்பந்தப்பட்டது.

இப்போது நம் மதரஸாவுக்கு வருவோம்.

சென்ற மாதம், நிர்வாகத்திற்குத் தெரிவித்துவிட்டு, நானும் ஜமாஅத்தின் இளைஞர்கள் இருவரும் ஒரு சிறு வேலை செய்தோம். வருகைப் பதிவேட்டிலிருந்து கடந்த இரண்டு ஆண்டுகளில் இடையில் நின்றுபோன பிள்ளைகளின் பெயர்களைச் சீட்டில் எழுதி, ஒரு பேரீச்சம்பழ டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். முதல் வகுப்புப் பிள்ளை ஒன்றை அழைத்து 12 சீட்டுகளை எடுக்கச் சொன்னோம். அந்த 12 வீடுகளுக்கும் போனோம். உங்கள் பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது என்று எங்களுக்குள் முதலிலேயே பேசிவைத்துக்கொண்டோம். அப்படிக் கேட்டால் குற்றவாளியைக் கேட்பது போல் ஆகிவிடும், பதிலும் வராது. கடைசியாக மதரஸாவுக்கு வந்த வாரத்தில் அந்தப் பிள்ளையின் சாயங்காலம் எப்படிக் கழிந்தது என்று மட்டும் கேட்டோம்.

5 வீடுகளில் நேரம்தான் காரணம். ஒரு தாயார் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “ஹஜ்ரத், ஸ்கூல்ல ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு புள்ள வீட்டுக்கு வர்றதுக்கே அஞ்சே முக்கால் ஆயிருது. அப்ப இங்க மதரஸா பாதி முடிஞ்சிருது. பாதியில வந்தா உஸ்தாது ஏசுவாங்கன்னு பயப்படுறான்.” அதே தாயார் பேச்சைத் தொடங்கும்போது கைப்பேசியைத்தான் குறை சொன்னார், சற்றுப் பொறுமையாகக் கேட்ட பிறகுதான் இது வந்தது. 3 வீடுகளில் வளர்ந்த பெண்பிள்ளைகள். மஃரிபுக்குப் பிறகு இருட்டில் பெரிய ரோட்டைக் கடந்து திரும்ப வேண்டியிருக்கிறது என்று பெற்றோர் நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு குடும்பம் வேறு பகுதிக்குக் குடிபோய்விட்டது. ஒரு பிள்ளை வேறோர் இடத்தில் ஹிஃப்ளு சேர்ந்து நன்றாக ஓதுகிறது. அதை நாம் நின்றுபோனவர்கள் பட்டியலில் வைத்திருக்கிறோம்! ஒரு பிள்ளை, தந்தை இறந்த பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் கடையில் வேலைக்குப் போகிறது. அந்த வீட்டு விவரத்தை பைத்துல்மால் பொறுப்பாளரிடம் தனியே சொல்லியிருக்கிறேன். இங்கே பேச வேண்டாம்.

மாடி இல்லாததால் நின்றோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. 12 பேர் மட்டும்தானே என்பீர்கள். உண்மைதான். இந்த 5-ஐ வைத்துக்கொண்டு, நின்றவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் நேரத்தால் நின்றார்கள் என்று நான் எழுத மாட்டேன், நீங்களும் எழுதிவிடாதீர்கள். ஆனால் இப்படி ஒரு கணக்கைப் பாருங்கள். நின்றவர்களில் நான்கில் ஒருவர் இட நெருக்கடியால் நின்றிருந்தால், குலுக்கி எடுத்த 12 பேரில் ஒருவர்கூட அதைச் சொல்லாமல் போவது நூறு தடவைக்கு மூன்று தடவைதான் நேரும். மாடி தேவைப்படும் காலம் வரலாம். இன்றைக்குப் பிள்ளைகளை நிறுத்துவது அது அன்று என்ற அளவுக்கு இந்த 12 வீடுகள் போதும். நேரத்தை மாற்றுவதற்குச் செங்கலும் வேண்டாம், சிமெண்டும் வேண்டாம். சனி, ஞாயிறு காலையில் ஒரு வகுப்பும், பெண்பிள்ளைகளுக்கு மஃரிபுக்கு முன்னரே முடியும் வகுப்பும் வைத்தால் 12-ல் 8 வீடுகளின் காரணம் தீர்ந்துவிடும். எனக்கும் துணை உஸ்தாதுக்கும் அது சற்றுக் கூடுதல் சுமைதான். சுமந்துகொள்கிறோம்.

எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தவர்களுக்கு 11 தான் வந்திருக்கும். பன்னிரண்டாவது வீட்டைப் பற்றி இனிச் சொல்கிறேன்.

அந்த வீட்டுப் பிள்ளை என்னால் நின்றவர். ஒருநாள் பாடம் ஒப்புவிக்கும்போது தடுமாறியதற்காக, மற்றப் பிள்ளைகளின் முன்னால் அவருடைய குடும்பத்தைக் குறிப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். எனக்கு அது மறுநாளே மறந்துபோயிற்று. பிள்ளைக்கு மறக்கவில்லை. அவருடைய அத்தா, “விடுங்க ஹஜ்ரத், சின்னப் புள்ளதானே” என்று எனக்காகப் பரிந்து பேசினார்கள். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார், வெளியே வரவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். இன்றுவரை அவர் வகுப்புக்குத் திரும்பவில்லை.

12-ல் 1 என்று பார்த்தால் அது சிறிய குவியல். முன்னர் சொன்னேனே, மாதிரி பார்க்கக் கூடாத பிழை, ஒன்று விடாமல் எண்ண வேண்டிய பிழை என்று. இது அந்த வகை. ஒரு பிள்ளையை ஓதுவதிலிருந்தே விரட்டிவிடக்கூடிய பிழையைக் குலுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கக் காத்திருக்கக் கூடாது. ஆகவே நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள். உஸ்தாதுமார்களைப் பற்றிப் பிள்ளைகளோ பெற்றோரோ சொல்லும் முறையீடு ஒவ்வொன்றும், என்னைப் பற்றியதானாலும், ஒரு தனி நோட்டில் எழுதப்பட வேண்டும். அந்த நோட்டு என்னிடம் இருக்கக் கூடாது. செயலாளரிடம் இருக்க வேண்டும். வீட்டுப் பெண்கள் சொல்ல விரும்புவதைக் கேட்பதற்கு, திரைக்கு அப்பால் இருக்கும் தாய்மார்களில் இருவர் பொறுப்பேற்றுக்கொண்டால் நல்லது.

இன்னொன்றும் இருக்கிறது. நம் பதிவேட்டில் இருப்பவர்கள் ஒரு நாளாவது மதரஸாவுக்கு வந்தவர்கள். ரயில்வே கேட்டுக்கு அப்பால் புதிதாகக் குடிவந்திருக்கும் தெருக்களில் ஒருநாள்கூட வராத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் அந்த டப்பாவுக்குள்ளேயே இல்லை. சந்தாப் புத்தகத்தில் பெயர் உள்ள வீடுகளையும், பெயரே இல்லாத வீடுகளையும் சேர்த்து ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். அதிலிருந்து மறுபடியும் 12 வீடுகளைக் குலுக்கி எடுக்கலாம். புதிய வகுப்பு நேரங்களை மூன்று மாதம் நடத்திப் பார்த்துவிட்டு, அப்போதும் நிற்கிற பிள்ளைகளின் வீடுகளுக்கும் போவோம். அந்தக் காரணங்கள் வேறாக இருந்தால் வேறு வேலை பார்ப்போம். அதில் மாடிதான் காரணம் என்று வந்தால், மாடிக்கு முதல் சந்தா என்னுடையது.

ஆகவே தலைவர் அவர்களே, மாடித் தீர்மானத்தை மூன்று மாதத்திற்கு ஒத்திவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பேரீச்சம்பழ டப்பா அலுவலக அறையில் இருக்கும். வீடுகளுக்கு வர நான்கு பேர் வேண்டும். கேட்டுக்கு அப்பால் உள்ள தெருக்களை அறிந்தவர்களாக இருந்தால் நல்லது. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இன்று மஃரிபுக்குப் பின் துணைச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.